ஓயாத இருமலும் எம்.எஸ். நோயும்
இல்லத்தார் அறிந்திருக்க வேண்டிய ஒரு பாடம்

சரீர சுகம் என்பது எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதமாகும். நோயுற்றால் மருந்து தேட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த வழி. மருந்து தேடுவது என்றால் கையில் கிடைத்ததை வாங்கி விழுங்குவதன்று. நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று விசாரித்துத் தெளிவதே அதன் முதற்படி. இவ்விதழின் சுகாதாரப் பாடத்தில், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்னும் நரம்புப் பிணியுடைய ஒருவருக்கு வாரக்கணக்கில் இருமல் நீங்காதிருந்தால் அதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கக்கூடும் என்பதை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

இத்தகைய நோயாளி உள்ள வீடுகளில் இரண்டு விதமான எண்ணங்கள் எழுவதுண்டு. “இருமல்தானே, நாலு நாளில் தானாகப் போய்விடும்” என்பது ஒன்று. “எல்லாம் அந்தப் பழைய நோயினால் வந்ததுதான், இதற்கு இனி என்ன செய்வது?” என்பது மற்றொன்று. இரண்டுமே ஆபத்தானவை. முதல் எண்ணத்தால் நுரையீரல் கெடுகிறது. இரண்டாம் எண்ணத்தால், எளிதில் தீரக்கூடிய ஒரு காரணம் தீராத நோயின் கணக்கில் எழுதப்பட்டு விடுகிறது. இருமல் எப்போது வருகிறது, எதைச் செய்யும்போது வருகிறது என்று கவனித்துச் சொல்லக்கூடியவர்கள் வீட்டார்தாம். அந்தக் கவனிப்பே பாதி வைத்தியம் என்பதைத்தான் இப்பாடம் வலியுறுத்த விரும்புகிறது.

எம்.எஸ். நோய் என்பது யாது?

நம் மூளையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் உடலெங்கும் செய்தி கொண்டு செல்லும் நரம்பிழைகளின் மேல், மின்சாரக் கம்பியின்மேல் ரப்பர் உறை இருப்பதைப் போல, மயலின் என்னும் உறை இருக்கிறது. நோயணுக்களை எதிர்த்துப் போராட வேண்டிய நம் உடலின் காவற்படையே வழிதவறி இந்த உறையைத் தாக்கி அரிப்பதுதான் எம்.எஸ். நோய். உறை போன இடத்தில் செய்தி தாமதப்படும். சில வேளை அறவே நின்றுவிடும். பாரிஸ் நகர வைத்தியர் ஷார்க்கோ 1868-ஆம் ஆண்டில் இதைத் தனியொரு நோயாக இனங்கண்டு விளக்கினார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில் இது தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. ஐரோப்பாவின் வடபகுதியிலும் கனடாவிலும் காண்பதைப்போல் பூமத்திய ரேகையை ஒட்டிய நம் மலேசியா, சிங்கப்பூரில் இது அத்தனை பரவலாக இல்லை. ஆதலால் நம்மவரில் ஒருவருக்கு இது வந்தால், அக்கம் பக்கத்தாருக்கும் உறவினருக்கும் அதைப் புரிய வைப்பதே ஒரு சுமையாகி விடுகிறது.

இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயன்று. எந்த நரம்பின் உறை அரிக்கப்பட்டதோ அதற்கேற்பக் கண் மங்கும், கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், அசதி மிகும், சிறுநீர் அடங்காது. தொண்டைக்கும் நாவுக்கும் மார்புத் தசைகளுக்கும் செல்லும் வழியில் அப்பழுது நேர்ந்தால், அங்கேதான் நம் இருமலின் கதை தொடங்குகிறது.

இருமல் ஒரு காவற்காரன்

இருமலை நாம் நோய் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரு பாதுகாப்பு. மூச்சுக் குழாயினுள் தூசியோ நீரோ சளியோ புகுந்தால், முதலில் மூச்சை ஆழமாக உள்ளிழுக்கிறோம். தொண்டையிலுள்ள குரல்வளையின் கதவு மூடுகிறது. வயிற்றுத் தசைகளும் விலாத் தசைகளும் இறுகிக் காற்றை அழுத்துகின்றன. பிறகு கதவு சட்டென்று திறக்க, காற்று வேகமாகப் பாய்ந்து உள்ளே புகுந்ததை வெளியே தள்ளுகிறது. இழுத்தல், மூடல், அழுத்தல், தள்ளல் ஆகிய இந்த நான்கு செயல்களும் சரியாக நடந்தால்தான் இருமல் பயன் தரும்.

ஆகவே எம்.எஸ். நோயாளி விஷயத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். காவற்காரனைக் கூவ வைப்பது எது என்பது முதற் கேள்வி. கூவுகிறானே தவிர, திருடனை விரட்ட அவனுக்குப் பலம் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி.

முதற் காரணம்: விழுங்குவதில் தடுமாற்றம்

உணவு செல்லும் வழியும் மூச்சு செல்லும் வழியும் தொண்டையில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சு வழி மூடிக்கொள்ள வேண்டும். அதை மூடும் தசைகளுக்குச் செய்தி தாமதமாகச் சென்றால், ஒரு மிடறு நீரோ ஓர் அரிசிப் பருக்கையோ மூச்சுக் குழாயின் பக்கம் நழுவிவிடும். உடனே இருமல் வரும். எம்.எஸ். உடையவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு விழுங்குவதில் ஏதோ ஒரு வகைக் குறை காணப்படுகிறது. பலர் அதைத் தாமே உணர்வதில்லை; “புரையேறி விட்டது” என்று சொல்லிக் கடந்து விடுகிறார்கள்.

இதன் அடையாளங்களைக் கவனியுங்கள். உண்ணும்போதும் குடிக்கும்போதும், அல்லது அதற்குச் சற்றுப் பின்னும் இருமல் வருதல், உண்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தல், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னைவிட அதிக நேரம் ஆதல், தொண்டையில் ஏதோ நிற்பது போன்ற உணர்வு, எச்சில் வழிதல், காரணம் தெரியாமல் எடை குறைதல், அடிக்கடி நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வருதல். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் விழுங்கும் வழியையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எது விழுங்கக் கடினம் என்பதிலும் நம்மில் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. கெட்டியான உணவே கடினம், தண்ணீர் எளிது என்று நினைக்கிறோம். உண்மை பெரும்பாலும் அதற்கு மாறானது. தண்ணீரும் வெறுந்தேநீரும் மெல்லியவை. தொண்டையின் கதவு மூடுமுன்னே வேகமாக ஓடிவிடும். அதைவிடக் கடினம் நீரும் திடமும் கலந்த உணவு. ரசஞ்சோறு, பருக்கை மிதக்கும் கஞ்சி, குழம்பில் ஊறிய ரொட்டி ஆகியவற்றில் வாய் திடத்தை மென்றுகொண்டிருக்கும்போதே நீர் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. முறுக்கு, பிஸ்கோத்து போன்று பொடியாக உதிர்பவையும் தொல்லை தருபவை.

இன்னொரு முக்கிய விஷயம்: சிலருக்கு உணவு மூச்சுக் குழாயில் இறங்கினாலும் இருமலே வராது. காவற்காரன் தூங்கிவிட்ட நிலை அது. ஆகவே, முன்பு உண்ணும்போது இருமிக்கொண்டிருந்தவர் இருமுவதை நிறுத்திவிட்டால் “குணமாகி விட்டது” என்று மகிழ்ந்து விடலாகாது. அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நுரையீரலில் இறங்கிய உணவும் எச்சிலும் அங்கே கிருமிகளை வளர்த்து நிமோனியாவை உண்டாக்கும். எம்.எஸ். முற்றியவர்களின் உயிருக்கு உலை வைக்கும் காரணங்களில் இது முக்கியமானது.

இதற்கு வழி உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். நோயாளி விழுங்குவதை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டோ, மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தியோ எங்கே தடுமாற்றம் என்று கண்டறிவார்கள். எந்த உணவு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், தலையை எப்படி வைக்க வேண்டும் என்பதை ஆளுக்கு ஆள் வேறுபடுத்திச் சொல்வார்கள். ஒருவருக்கு நன்மை செய்த முறை மற்றொருவருக்குத் தீங்காகலாம். பானத்தைக் கெட்டியாக்கும் பொடியை நாமாகவே வாங்கிக் கலக்கக் கூடாது. அதன் ருசி பிடிக்காமல் நோயாளி நீர் அருந்துவதையே குறைத்துவிடக்கூடும்.

ஆயினும் எல்லாருக்கும் பொருந்தும் சில ஒழுங்குகள் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து உண்ண வேண்டும். சிறு சிறு கவளமாக, ஒன்றை விழுங்கியபின் அடுத்ததை எடுக்க வேண்டும். வாயில் உணவிருக்கும்போது பேசக் கூடாது, தொலைக்காட்சியும் வேண்டாம். உண்டபின் அரைமணி நேரமாவது சாயாமல் இருக்க வேண்டும். பல்லும் நாவும் சுத்தமாக இருக்க வேண்டும். வாயில் கிருமி குறைந்தால், எச்சில் தவறி உள்ளே இறங்கினாலும் நிமோனியா வரும் வாய்ப்புக் குறைகிறது. மிஸ்வாக்கை விடாது பேணும்படி நமக்கு வழிகாட்டப்பட்டிருக்கிறது. அந்த சுன்னத்தின் நன்மையை இந்த நோயாளியின் நுரையீரலும் அடைகிறது.

இரண்டாம் காரணம்: பலமற்ற இருமல்

எம்.எஸ். நோயில் மூச்சை வெளியே தள்ளும் தசைகள், முக்கியமாக வயிற்றுத் தசைகள், தளர்வது வழக்கம். கால்கள் எவ்வளவு தளர்ந்துள்ளனவோ அந்த அளவுக்கு இவையும் தளர்ந்திருக்கக் கூடும். சாதாரணத் தடிமனில் வரும் சளியை நாம் இரண்டு முறை இருமித் துப்பிவிடுகிறோம். அவரோ நாள் முழுவதும் இருமியும் சளி அங்கேயே கிடக்கும். இங்கே இருமல் நீடிப்பதற்குக் காரணம் சளி மிகுதியாக இருப்பதன்று; அதைத் தள்ளும் பலம் குறைந்திருப்பதே.

இருமும்போது காற்று வெளிவரும் வேகத்தை ஒரு சிறு கருவியில் ஊதிப் பார்த்து அளக்கலாம். நலமுள்ள பெரியவர்களுக்கு அது நிமிடத்துக்கு 360 லிட்டருக்கு மேல் இருக்கும். 270-க்குக் கீழே இறங்கினால், ஒரு சாதாரணத் தடிமன் வந்தாலும் சளி தேங்கும் ஆபத்து உண்டு. 160-க்குக் கீழே சென்றால், பிறர் உதவியின்றிச் சளியை வெளியேற்ற இயலாது. தசைகளுக்குப் பயிற்சி, மூச்சை அடுக்கடுக்காக இழுத்து நிறைத்து இருமும் முறை, இருமும் வேளையில் வயிற்றை அழுத்தி உதவும் முறை, இருமலுக்குத் துணை செய்யும் இயந்திரம் எனப் பல வழிகளை இயன்மருத்துவர் கற்றுக்கொடுப்பார்.

இப்படிப்பட்டவருக்கு இருமலை அடக்கும் மருந்து கொடுப்பது காவற்காரனின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும். முக்கியமாகக் கோடீன் கலந்த மருந்தும், தூக்கம் வரச்செய்யும் தடிமன் மருந்தும் கூடாது. கடையில் இருமல் மருந்து வாங்குமுன் எம்.எஸ். நோய் இருப்பதை மருந்தாளரிடம் சொல்லுங்கள்.

வெளியில் சொல்லக் கூசும் ஒரு விஷயத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். இந்நோயில் சிறுநீரை அடக்கும் சக்தி குறைவதால், இருமும்போது சிறுநீர் கசிவதுண்டு. ஒளு முறிந்துவிடுமே, தொழுகை என்னாகுமோ என்று அஞ்சிப் பல சகோதரிகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்து விடுகிறார்கள். நீர் குறைந்தால் சளி பிசினாக இறுகும், இருமல் இன்னும் நீடிக்கும், மீண்டும் கசியும். இந்தச் சுழலிலிருந்து வெளிவர வேண்டும். இத்தகைய இயலாமை உள்ளவர்களுக்கு நம் மார்க்கச் சட்டத்தில் சலுகை உண்டு. அதன் முறையை ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். கசிவுக்கான சிகிச்சையை டாக்டரிடம் கேட்கலாம். இரண்டு இடத்திலும் வெட்கப்பட வேண்டியதில்லை.

மூன்றாம் காரணம்: வயிற்றுப் புளிப்பு மேலேறுதல்

வயிற்றிலுள்ள புளிப்புநீர் உணவுக் குழாய் வழியே மேலேறித் தொண்டையை உறுத்தினாலும் நீடித்த இருமல் வரும். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் சிலருக்கு உடனிருக்கும். சிலருக்கு இருமல் மட்டுமே இருக்கும். படுத்தவுடன் இருமல், குனிந்தால் இருமல், காலையில் கரகரத்த குரல் ஆகியவை இதன் அடையாளங்கள். நடமாட்டம் குறைந்து பெரும்பாலும் சாய்ந்தே இருப்பவர்களை இது எளிதில் பிடிக்கும். இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வதும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும், எண்ணெயும் காரமும் மிகுந்த உணவைக் குறைப்பதும் பலன் தரும்.

நான்காம் காரணம்: உண்ணும் மருந்துகள்

இரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில், பெரின்டோபிரில், லிசினோபிரில் போன்ற மாத்திரைகளை நம்மில் பலர் சாப்பிடுகிறோம். பெயரின் முடிவில் “பிரில்” என்று வரும் இவ்வகை மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். தொண்டையில் ஓயாத அரிப்பு இருக்கும்; சளி இராது; காய்ச்சல் இராது. மாத்திரை தொடங்கிச் சில நாளிலும் வரலாம், பல மாதங்கள் கழித்தும் வரலாம். டாக்டர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றிவிட்டால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இருமல் அடங்கிவிடும். எம்.எஸ். நோயின் மேல் பழி போட்டு வருஷக்கணக்கில் இருமிக்கொண்டிருப்பவருக்கு, காரணம் மாத்திரைப் பெட்டியிலேயே இருந்திருக்கக்கூடும்!

எம்.எஸ். நோய்க்கே கொடுக்கும் மருந்துகளையும் பார்க்க வேண்டும். பின்கோலிமோட் என்னும் மருந்தின் பக்க விளைவுகளில் இருமல் ஒன்று. ஒக்ரிலிசுமாப் போன்ற ஊசி மருந்துகளால் சுவாசத் தொற்றுகள் மிகுதியாகலாம். தசை இறுக்கத்துக்குத் தரும் பாக்லோபென் அளவு மிஞ்சினால் தூக்கக் கலக்கம் உண்டாகி விழுங்குவது மேலும் தடுமாறும். சிறுநீர்க் கோளாறுக்குத் தரும் ஆக்சிபியூட்டினின் வாயை உலரச் செய்து விழுங்குவதைக் கடினமாக்கும்.

இதைப் படித்துவிட்டு எவரும் தாமாகவே எந்த மருந்தையும் நிறுத்திவிடக் கூடாது என்பதை மிகவும் வற்புறுத்திச் சொல்லுகிறோம். பாக்லோபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். பின்கோலிமோட், நட்டாலிசுமாப் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் எம்.எஸ். நோய் முன்னைவிட உக்கிரமாகத் திரும்பிவிடக் கூடும். உண்ணும் மருந்துகள் அனைத்தையும், கருஞ்சீரக எண்ணெய், ஹல்வா மருந்து, மூலிகைப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். மாற்றுவதையும் குறைப்பதையும் அவர் முடிவு செய்யட்டும்.

ஐந்தாம் காரணம்: தொற்று நோய்களும் காசமும்

எம்.எஸ். மருந்துகள் பல, உடலின் காவற்படையைச் சற்று அடக்கி வைப்பதன் மூலமே வேலை செய்கின்றன. அதனால் சாதாரண நோயணுக்களும் இடம்பிடித்துக்கொள்கின்றன. தடிமன், இன்புளுவென்சா, கோவிட் ஆகியவை மற்றவர்களிடம் ஒரு வாரம் தங்கினால் இவர்களிடம் பல வாரம் தங்கலாம். காய்ச்சல் வந்தால் அது எம்.எஸ். அறிகுறிகளையும் கிளப்பிவிடும். உடலை வருத்தி இயங்கினால் பார்வை மங்குவதை உத்தோப் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர் 1890-லேயே குறித்திருக்கிறார். எனவே, இருமலுடன் கால் திடீரெனத் தளர்ந்தால் அது எம்.எஸ். புதிதாகத் தாக்கியதாகவும் இருக்கலாம். நெஞ்சுத் தொற்றினால் வந்த தற்காலிகத் தளர்ச்சியாகவும் இருக்கலாம். பரிசோதனையின்றிப் பிரித்தறிய இயலாது.

இங்கே காசநோயைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹகீம் இப்னு சீனா (980 - 1037) தம் வைத்திய நூலில் நுரையீரலை உருக்கும் இப்பிணி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் என்று எழுதி வைத்தார். அதன் கிருமியைக் கண்டுபிடித்ததாக டாக்டர் கோக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி அறிவித்தார். ஆயினும் அந்நோய் நம்மைவிட்டு அகன்றுவிடவில்லை. மலேசியாவில் ஆண்டுதோறும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாகக் காசநோயாளிகளாகப் பதிவாகி வருகின்றனர். சிங்கப்பூரிலும் அது அறவே ஒழிந்ததன்று. ஒரு காலத்தில் உடலுக்குள் புகுந்து ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்த கிருமி, காவற்படை அடங்கியவுடன் விழித்துக்கொள்வதுண்டு. இதனால்தான் டெரிபுளுனோமைட், கிளாட்ரிபின் முதலிய எம்.எஸ். மருந்துகளைத் தொடங்குமுன் காசப் பரிசோதனை செய்கிறார்கள்.

இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல், பசியின்மை, சளியில் இரத்தம் ஆகியவை கண்டால் நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் தாமதமின்றிச் செய்ய வேண்டும். காவற்படை அடங்கியவர்களிடம் இவ்வடையாளங்கள் மங்கலாகவே தெரியும் என்பதால் எல்லாம் கூடிவரட்டும் என்று காத்திருக்கலாகாது.

காசம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் சிலர் மறைக்க முற்படுகிறார்கள். பிள்ளைகளின் கலியாணப் பேச்சு கெட்டுவிடுமே, ஜமாஅத்தில் என்ன பேசுவார்களோ என்று அஞ்சுகிறார்கள். மறைப்பதால் நோய் மறைவதில்லை; அதே வீட்டிலுள்ள பேரப் பிள்ளைக்கு அது தொற்றுகிறது. சாதாரணக் காசம் ஆறு மாத காலம் ஒழுங்காக மருந்துண்டால் குணமாகிவிடும். அதை மறைப்பதில்தான் குற்றமிருக்கிறதே தவிர, அது வந்ததில் ஒரு குற்றமும் இல்லை. எம்.எஸ். பார்க்கும் டாக்டருக்கும் காசம் பார்க்கும் டாக்டருக்கும் ஒருவரைப் பற்றி மற்றவர் அறியும்படி சொல்லிவிடுவது அவசியம்.

ஆறாம் காரணம்: எல்லாருக்கும் வரும் காரணங்கள்

எம்.எஸ். உடையவரும் மற்றவரைப் போன்ற மனிதர்தாம். இழுப்பு நோயால் இரவிலும் விடியலிலும் இருமல் வரலாம். மூக்கின் சளி பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கி உறுத்தலாம். சாம்பிராணிப் புகையும், கொசுவர்த்தியும், அடுப்பின் தாளிப்பும் தொல்லை தரலாம். 2013-லும் 2015-லும் வந்ததைப் போன்ற புகைமூட்டம் எழும் மாதங்களில், நலமுள்ளவர்களே இருமினார்கள். இவர்கள் சன்னலை அடைத்து வீட்டுக்குள் இருப்பதே நலம். சிகரெட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அது இருமலைத் தருவதோடு எம்.எஸ். நோயையும் விரைவாக முற்றச் செய்கிறது. வாப்பா கூடத்தில் உட்கார்ந்து விடும் புகை, அறையில் படுத்திருக்கும் மகளின் நெஞ்சுக்கும் போய்ச் சேருகிறது.

ரமலானில் கவனிக்க வேண்டியவை

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதைத் திருக்குர்ஆனின் அல்பகறா அத்தியாயம் தெளிவாக்கியிருக்கிறது. ஆயினும் ரமலான் வந்தால் “எல்லாரும் நோற்கிறார்களே, நான் மட்டும் எப்படி?” என்று மனம் வருந்துவோர் பலர். நோன்பு நோற்கலாமா, மருந்து வேளையை மாற்றலாமா என்பதை ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். நோற்க இயலாதவர் பிறகு களாச் செய்வதா, பித்யா கொடுப்பதா என்பதை ஆலிமிடம் கேளுங்கள்.

நோற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மக்ரிப் வேளையில் எம்.எஸ். நோயாளியின் அசதி உச்சத்தில் இருக்கும், தொண்டை உலர்ந்திருக்கும், விழுங்கும் தசைகளும் களைத்திருக்கும். அந்நேரத்தில் ஒட்டிப் பிடிக்கும் பேரீத்தம் பழத்தை வாயிலிட்டு, உடனே தண்ணீரை மடமடவென்று குடித்து, அதன்மேல் பருக்கை மிதக்கும் நோன்புக் கஞ்சியையும் பருகினால், கடினமான மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன. பழத்தைக் கொட்டை நீக்கி மசித்துச் சிறிது சிறிதாக உண்ணட்டும். கஞ்சியைப் பருக்கை தெரியாமல் கெட்டியாக அரைத்துக் கொடுங்கள். பள்ளிவாசலிலிருந்து வரும் கஞ்சியையும் வீட்டில் ஒரு சுற்று அரைத்துவிடலாம், பரக்கத் குறைந்துவிடாது. வயிறு நிறைய உண்டவுடன் தராவீஹுக்கு நின்றால், ருகூவிலும் ஸுஜூதிலும் குனியும்போது புளிப்பு மேலேறி இருமல் கிளம்பும். இப்தாரில் கொஞ்சமாக உண்டு, மீதியைத் தொழுகைக்குப் பின் நிதானமாக உண்பது நல்லது. நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என்ற சலுகையையும் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ நாடுபவர்கள், கூட்ட நெரிசலில் சுவாசத் தொற்று எளிதில் பரவும் என்பதை நினைவிற்கொண்டு, இன்புளுவென்சா, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். காவற்படையை அடக்கும் மருந்து உண்பவர்களுக்கு உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகள் பொதுவாக ஆகா. ஆகவே ஊசி போடுமிடத்தில் தம் மருந்தின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரங்கள்

மூச்சுத் திணறல், உதடோ நகமோ நீலம் பாய்தல், அதிகக் காய்ச்சலுடன் மனக் குழப்பம், இருமலில் இரத்தம், உணவு தொண்டையில் அடைத்துக்கொள்ளுதல், ஒரு கால் வீங்கி வலித்தபின் திடீரென நெஞ்சுவலியும் மூச்சு வாங்குதலும் வருதல். இவற்றில் எது நேர்ந்தாலும் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. நடமாட்டம் குறைந்தவரின் காலில் உறையும் இரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிடக் கூடும். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழைத்து, எம்.எஸ். நோய் இருப்பதையும் உண்ணும் மருந்தையும் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

டாக்டரிடம் எடுத்துச் செல்ல ஒரு குறிப்பு

அவசரமில்லாத இருமலாயின், ஒரு வார காலம் ஒரு தாளில் பின்வருவனவற்றை எழுதி வையுங்கள்.

1. இருமல் தொடங்கிய தேதி. மூன்று வாரத்துக்கு உட்பட்டதா, எட்டு வாரத்தைக் கடந்ததா?
2. எந்த நேரத்தில் வருகிறது? உண்ணும்போதா, படுக்கும்போதா, விடியலிலா, எந்நேரமுமா?
3. எந்த உணவில் புரையேறுகிறது? தண்ணீரா, கஞ்சியா, ரொட்டியா?
4. வறட்டு இருமலா, சளியுடனா? சளியின் நிறம் என்ன?
5. இருமும் சத்தம் முன்போல் பலமாக இருக்கிறதா, மெலிந்து விட்டதா?
6. காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை உண்டா?
7. கடந்த ஆறு மாதத்தில் புதிதாகத் தொடங்கிய மருந்து எது?
8. வீட்டிலோ வேலையிடத்திலோ வேறு எவராவது நீண்ட நாளாக இருமுகிறார்களா?

ஒருவருக்கே இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. விழுங்கும் தடுமாற்றமும், பலமற்ற இருமலும், புளிப்பும் ஒன்றுக்கொன்று துணைபோகும். ஆகையால் ஒன்றைக் கண்டதும் மற்றதை மறந்துவிடலாகாது. மூளைத் தண்டில் ஏற்படும் பழுதே நேரடியாக இருமலைக் கிளப்புவது மிக அரிது. மற்ற எல்லாக் காரணங்களையும் விலக்கிய பிறகே டாக்டர் அம்முடிவுக்கு வருவார். நாமாக அதை முதலில் சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஜமாஅத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

நோயாளியை விசாரிக்கச் செல்வது நம்மீதுள்ள கடமைகளில் ஒன்று. ஆனால் தடிமனோடு போய் நலம் விசாரிப்பது நலம் செய்வதாகாது. அன்று தொலைபேசியில் ஸலாம் சொல்லி துஆ செய்தால் போதும். போகிறவர்களும், அவர் உண்ணும் வேளையில் கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பேச வைக்க வேண்டாம். கொண்டுபோகும் பலகாரத்தை “ஒரு வாய் சாப்பிடுங்கள்” என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

பள்ளிவாசலில் ஒருவர் இருமினால் முகம் சுளித்துத் திரும்பிப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த ஒரு பார்வைக்கு அஞ்சி ஜும்ஆவுக்கு வருவதையே நிறுத்தியவர்களும் உண்டு. காரணம் கண்டறியப்படும் வரை அவர் முகக்கவசம் அணிந்து வருவதோ, வீட்டில் தொழுவதோ பிறருக்குச் செய்யும் உதவி. காரணம் தொற்றன்று என்று தெளிந்தபின், சஃப்பின் ஓரத்தில் ஒரு நாற்காலியும், அருகில் அவருக்கு ஏற்ற பானமும் வைத்து அவரை அழைத்து அமர்த்துவது நாம் செய்ய வேண்டிய உதவி.

எல்லாம் வல்ல நாயன் நோயுற்ற நம் சகோதர சகோதரிகளுக்குப் பூரண ஷிபாவையும், அவர்களைப் பேணும் இல்லத்தாருக்குப் பொறுமையையும் நல்கி அருள்வானாக! ஆமீன்.